கடலை சேராத பொட்டலம்

மலை ஏறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வரக்கூடாது. எப்படியும் கீழே இறங்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே மேலே ஏறுகிறார்கள். இறங்கி வந்து, ஏறிய கதையை மாதம் முழுக்கச் சொல்கிறார்கள். கேட்கிறவர்களின் காது தேய்ந்ததும் மறுபடி ஏறப் போகிறார்கள். என் அத்தான் இந்த ரகம். லிஃப்ட் பொருத்திக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஊரில் ஒருத்தரும் படி ஏறக் கூடாது என்பதற்காக நாளெல்லாம் உழைக்கிற மனுஷன், மாதம் ஒரு முறை முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல. அந்த மூட்டையின் பக்கவாட்டுப் பையில் போகும் பொட்டலத்தைச் செய்தவளைப் பற்றி. அவள் என் அக்கா. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், பல் டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன், கல்யாணம் ஆகவில்லை. அத்தானைப் பார்த்துப் பார்த்தே அந்த ஆசை விட்டுப்போயிற்று என்று சொல்வேன். அக்கா சிரிப்பாள், அத்தானும் சிரிப்பார்.

அக்கா மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒரு நீண்ட மேசை, அதன் நடுவே ஓடும் பெல்ட், இரண்டு பக்கமும் தலையில் துணித் தொப்பி போட்ட பெண்கள். பெல்ட்டில் வரும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெட்டியில் போட்டு மூட வேண்டும். கேட்க ரொம்பச் சுலபமான வேலை. ஆனால் ஒரு மருந்து முடிந்து அடுத்த மருந்து வருவதற்கு முன்னால் அந்த மேசையை மொத்தமாகக் காலி செய்வார்கள். பெட்டி, லேபிள், கிழிந்த காகிதம் எதுவும் மிஞ்சக் கூடாது. மேசைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இன்சார்ஜ் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த மருந்து உள்ளே வரும். பழைய லேபிள் ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், முகம் தெரியாத யாரோ ஒருத்தர் வயிற்றுக்குள் வேறு மருந்து போய்விடும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லைன் கிளியர்’.

அக்கா இந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சர்க்கரை டப்பாவை மூடி அலமாரியில் வைக்காமல் உப்பு டப்பாவைத் திறக்க மாட்டாள். துணி துவைத்தால்கூட வெள்ளையெல்லாம் கொடிக்குப் போனபிறகுதான் சாயத் துணி வாளிக்கு வரும். “அக்கா, லைன் கிளியரா?” என்று நான் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். “உன்னத் தவிர எல்லாம் கிளியர், வா” என்பாள். அவளுக்கு இருந்த பெருமை அந்த ஒன்றுதான். படிப்பு பாதியில் நின்றது, குழந்தை தங்கவில்லை, நிறமும் உயரமும் எனக்குப் போய்விட்டது. ஆனால் அவள் கை தப்புப் பண்ணாது. அது அவளுக்கே தெரியும்.

அத்தானோடு போகும் மலைக்கூட்டத்தில் மொத்தம் ஆறேழு பேர். அதற்குத் தலைவர் கேப்டன். எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. தண்ணீர் மோட்டார் விற்கிறவர். தொப்பியும் விசிலும் தானே வாங்கிக்கொண்டார், பட்டத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார். “மலையில எனது உனதுன்னு எதுவும் கிடையாது” என்பது அவருடைய தத்துவம். கீழே இறங்கியதும் தத்துவம் மாறிவிடும். அவருடைய மடிப்பு நாற்காலியை யாரும் தொட முடியாது. அத்தானுக்கு அவர் என்றால் தெய்வம். அலுவலகத்தில் யாரும் அத்தானைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கேப்டன் மட்டும் தோளில் தட்டி, “நீ இல்லாம நான் ஏறமாட்டேன்யா” என்பாராம். அந்தத் தட்டுக்காக அத்தான் எங்கே வேண்டுமானாலும் ஏறுவார்.

முதலில் அவர்கள் வழியில் தின்னக் கடையில் விற்கும் பருப்புப் பாக்கெட்டைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். பாதி சர்க்கரை, பாதி காறல். அத்தான் மிச்சத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அக்கா ஒரு முந்திரியை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “இதத் தின்னுட்டா அவ்வளவு உயரம் ஏறினீங்க?” என்று கேட்டாள். அடுத்த மாதத்திலிருந்து பொட்டலம் அவள் பொறுப்பு.

அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கிற சோம்பேறித்தனம் கிடையாது. பாதாம் வறுபட நேரமாகும், முந்திரி கண்மூடித் திறப்பதற்குள் கருகும், பூசணி விதை பொரிந்து வெளியே குதிக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, சின்னத் தீயில். சூட்டோடு சூடாக உப்புத் தண்ணீரைத் தெளித்துப் புரட்டுவாள். தண்ணீர் வற்றி உப்பு மட்டும் மெல்லிய வெள்ளையாகப் பருப்பின் மேல் படிந்துவிடும். தூள் உப்பைத் தூவினால் எல்லாம் பையின் அடியில்தான் கிடக்கும் என்பாள். நன்றாக ஆறும்வரை மூட மாட்டாள். உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் தனிக் காகிதத்தில் போகும், பருப்போடு சேர்ந்தால் பருப்பு நமுத்துவிடுமாம். குளிர் மாதங்களில் மட்டும் சாக்லேட் துண்டுகள் சேரும். பிறகு ஆளுக்கொரு பொட்டலம். அத்தானுக்குத் திராட்சை அதிகம். கேப்டனுக்கு உப்புத் தூக்கலாக. பல் போன ஒருத்தருக்குப் பாதாமை உடைத்துப் போடுவாள்.

இதில் கணக்கு சாரின் பொட்டலம் தனிக் கதை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், சாது. வேர்க்கடலை அவருக்கு ஆகாது. ஒரு துணுக்குப் போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். சின்ன வயதில் ஒரு முறை அப்படி ஆகி, பிழைத்ததே பெரிது. மலைக்குப் போவது என்றால் அவருக்கு உயிர். அவர் மனைவிக்கோ ஒவ்வொரு முறையும் பயம்.

அதனால் அக்கா அவருடைய பொட்டலத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்வாள். அவருக்கென்று தனி வாணலி, தனிக் கரண்டி, தனித் துணி. மற்றவர்கள் பொட்டலத்துக்கு வேண்டிய கடலையை அதற்குப் பிறகுதான் கடைக்குப் போய் வாங்கியே வருவாள். கடலை அந்த வீட்டு வாசற்படி தாண்டும்போது கணக்கு சாரின் பொட்டலம் ஒட்டப்பட்டு, சிவப்பு நூல் கட்டப்பட்டு, பீரோவுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். “இவ்வளவு எதுக்குக்கா? ஒரு பொட்டலம் அவரே செஞ்சு எடுத்துட்டு வரட்டுமே” என்று ஒரு நாள் கேட்டேன். “எல்லாருக்கும் கொடுத்துட்டு அவருக்கு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள். அவளுக்கு மலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. அவர்கள் திரும்பி வந்து, “அக்கா, உங்க பொட்டலம்தான் மேல கொண்டு சேர்த்துச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வாரம் முழுக்க வேலை செய்துகொண்டே தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மாதம் அவர்கள் போயிருந்தபோது மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானிடமிருந்து போன் வந்தது. கணக்கு சாரைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள், அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. இவ்வளவுதான் சொன்னார். அக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கடலை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பீரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அத்தான் சேறும் ஈரமுமாக வந்து சேர்ந்தார். அக்கா ஷூவைக் கழற்றக்கூட விடவில்லை.

“என்ன ஆச்சு அவருக்கு?”

“தொண்டை வீங்கிடுச்சு. கடலை போயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு.”

“எப்படிப் போகும்? அவர் பொட்டலத்துல கடலையே இல்லையே.”

“கேப்டன் என்ன சொல்றார்னா, வீட்டுலயே கலந்திருக்கும்னு. சார் வீட்டம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரே கத்தல். அவங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல.”

இந்த ‘நான் என்னத்தச் சொல்ல’ என்பதை அன்றைக்கு நாங்கள் வருத்தம் என்று எடுத்துக்கொண்டோம். பாவம், மனைவியின் தப்பை நாலு பேர் முன்னால் கேட்டுக்கொண்டு நிற்கிற நிலைமை அவருக்கு வந்துவிட்டதே என்று நானே பரிதாபப்பட்டேன். என் பரிதாபத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்ட வேண்டும்.

அதற்கப்புறம் அக்கா பட்ட பாட்டை நான் மேல்மாடியிலிருந்து இறங்கி இறங்கிப் பார்த்தேன். பொட்டலம் கட்டிய சனிக்கிழமை காலையிலிருந்து தான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். வாணலியைக் கழுவினேன், துடைத்தேன், முந்திரியைப் பிரித்தேன், அது புதுப் பாக்கெட். வறுத்தேன், ஆறவிட்டேன், கட்டினேன், மேலே வைத்தேன், பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எங்கேயும் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லை என்று தெரிந்தால் ஒருத்தி நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? அவள் இன்னும் பயந்துபோனாள்.

“எங்க தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்கலாம்டி. தப்பு நடந்திருக்கு, எங்கன்னு எனக்கே தெரியல. அப்படின்னா நான் செய்யறது எனக்கே தெரியாம நடக்குதுன்னுதானே அர்த்தம்?”

“கடைக்காரன் பாக்கெட்லயே கலந்திருந்தா?” என்றேன்.

“அதையும் நான்தானே பார்த்திருக்கணும்.”

அந்த வாணலியையும் கரண்டியையும் குப்பை வண்டியில் தூக்கிப் போட்டாள். பிறகு மற்ற வாணலியையும் போட்டாள். கணக்கு சார் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள், நானும் கூடப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். “நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க. தெரியும். ஆனா இனிமே எதையும் கொடுத்தனுப்பாதீங்க” என்றாள். அக்கா அந்தப் பாதிக் கதவுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு வந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூலைக் கடையில் அவளைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏதோ செய்து கொடுத்தாள்; கிண்ணம் மறுநாள் கழுவாமலே திரும்பி வந்தது, உள்ளே கொடுத்தது அப்படியே.

அத்தான் ஆறுதல் சொன்னார். அதை நான் காதால் கேட்டேன். “ஆனைக்கும் அடி சறுக்கும், விடு” என்றார். நல்ல மனசோடு சொல்கிற மாதிரியே சொன்னார். ஒரு நாள் அக்கா குளிக்கப் போயிருந்தபோது நான் நேராகவே கேட்டேன்.

“அத்தான், அந்தப் பொட்டலத்தப் பிரிக்கறப்ப நீங்க பார்த்தீங்களா? நூல் கட்டியே இருந்துச்சா?”

“மழையில யாரு எதப் பார்த்தா” என்றார். பிறகு துண்டு எங்கே என்று தேட ஆரம்பித்தார். துண்டு அவர் தோளில்தான் கிடந்தது.

இதற்கு நடுவில் கம்பெனியில் ஒரு சங்கதி நடந்தது. அக்காவின் லைன் இன்சார்ஜ் அம்மாள் ஓய்வு பெறப் போகிறாள். அவளுக்குப் பதிலாக என் அக்காவை வைக்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். அக்கா இதற்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவள். வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆனால் இன்சார்ஜ் போடுகிற நீலக் காலர் வைத்த கோட்டு யார் உடம்புக்கு நன்றாக இருக்கும், யாருக்கு இருக்காது என்று என்னிடம் பேசியிருக்கிறாள். நாளெல்லாம் நின்றே வேலை செய்து காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இன்சார்ஜுக்கு ஒரு நாற்காலி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கையெழுத்து. மேசை சுத்தம், அடுத்த மருந்து வரலாம் என்று சொல்கிற அதிகாரம்.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சாப்பிடும்போதுதான் அதை எங்களிடம் சொன்னாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். “பைத்தியமாக்கா உனக்கு?”

“வீட்டு அடுப்புல ஆறு பொட்டலம் கட்டறதுல ஒரு மனுஷன் சாகப் பார்த்தான். நான் போய் ஆயிரம் பேர் மருந்துக்குக் கையெழுத்துப் போடணுமா? இன்னொரு தடவை எனக்கே தெரியாம நடந்துட்டா?”

“காரணம் கேக்கலையா அவரு?”

“கேட்டாரு. கால் வலின்னு சொன்னேன்.”

நான் அத்தானைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். மனுஷன் சொன்னார். “நல்லதாப் போச்சு. உனக்கெதுக்கு அந்தத் தலைவலி” என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். நன்றாகப் பசி இருந்திருக்கிறது.

வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அக்காதான் அவளுக்கு அட்டை பிடிக்கவும் பெட்டி மடிக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, என் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, “எல்லாம் எடுத்தாச்சு, பாக்கறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்க வேண்டியதாயிற்று.

மலைக்கூட்டம் கொஞ்ச நாள் அடங்கியிருந்தது. பிறகு மறுபடி கிளம்பியது. அத்தான் கடைப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். பழையபடி அது காறல் அடிக்கிறது என்று அக்காவிடமே குறைப்பட்டார். கணக்கு சாரும் போக ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அக்காவுக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். நம்மால் அவருடைய மலை போகவில்லையே என்றாள்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் கணக்கு சார் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையப் பழம். அத்தான் கேப்டன் வீட்டுக்குப் போயிருந்தார். அடுத்த மலைக்குத் திட்டம் போடுகிறார்களாம். அக்கா அவரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குற்றவாளி மாதிரி சுவரோரமாக நின்றாள். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. நான்தான் அவரை உட்காரச் சொன்னேன்.

சார் கொஞ்ச நேரம் பழப் பையை எங்கே வைப்பது என்று தடுமாறினார். பிறகு சொன்னார்: “ரொம்ப நாளா வரணும்னு இருந்தேன்மா. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.”

“எனக்கா? எதுக்கு சார்?”

“நீங்க வாயத் தொறக்கலையே. வேற யாராவதா இருந்தா வீதியில நின்னு நியாயம் கேட்டிருப்பாங்க. செய்யாத தப்புக்கு எங்க வீடு தேடி வந்து மன்னிப்பு வேற கேட்டீங்க. உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். உங்க பெருந்தன்மை யாருக்கு வரும்?”

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஆரம்பித்தது. “என்ன சார் சொல்றீங்க? விவரமாச் சொல்லுங்க” என்றேன்.

சார் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நிறம் மாறியது. “உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரே?” என்று அக்காவிடம் கேட்டார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். எழுந்து ஓடிவிடலாமா என்று அவர் வாசலைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கணக்கு வாத்தியார். பாதிக் கணக்கில் விட்டுவிட்டுப் போக வராது போல.

நடந்தது இதுதான். மழையில் வழி வழுக்கி, எல்லோரும் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். இறங்க நேரமாகும் என்று தெரிந்ததும் கேப்டன், இருக்கிற தீனியையெல்லாம் பொதுவில் வைத்துப் பங்கு போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். மலையில் எனது உனது கிடையாதே. எல்லாப் பொட்டலங்களையும் வாங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரே பையில் கொட்டியிருக்கிறார். சிவப்பு நூலையும் பல்லால் கடித்து அறுத்திருக்கிறார்.

“நான் அப்பவே சொல்லியிருக்கணும்மா. என் ஒருத்தனுக்காக எல்லாரையும் நிறுத்தணுமான்னு கூச்சமா இருந்துச்சு. மேலாக முந்திரி தெரிஞ்சுது. அத மட்டும் பொறுக்கித் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

“உப்போட ஒட்டியிருக்குமே சார்” என்றாள் அக்கா. அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் சொல்லத் தோன்றியது.

“ஒட்டியிருந்துச்சு” என்றார் சார்.

“அப்ப இவர் எங்க இருந்தாரு?”

சார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பை காத்துல பறந்துச்சு. உங்க வீட்டுக்காரர்தான் பையோட வாயை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டாரு.”

சார் மேலே பேசிக்கொண்டே போனார். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதபோது கேப்டன் முந்திக்கொண்டு வீட்டில் கலந்திருக்கும் என்று சொல்லிவிட்டாராம். இவர் பேச முடியாமல் படுத்திருந்தாராம். பேச முடிந்தபோது, தானே பொதுப் பையில் கைவிட்டுத் தின்றது தெரிந்தால் மனைவி இனி மலைப்பக்கமே விட மாட்டாள் என்று பேசாமல் இருந்துவிட்டாராம். எழுந்து நின்று கடைசியில் ஒன்று கேட்டார். அதற்குத்தான் பழம் என்று எனக்கு அப்போது விளங்கியது. “இவ்வளவு நாள் காப்பாத்திட்டீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் இது தெரிய வேணாம்மா.”

“சொல்ல மாட்டேன் சார். நீங்க போயிட்டு வாங்க” என்றாள் அக்கா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கேப்டனுக்குப் பட்டம் வேண்டும், சாருக்கு மலை வேண்டும், அத்தானுக்குத் தோளில் ஒரு தட்டு வேண்டும். மூன்று பேரும் ஏறி நின்றது என் அக்காவின் தலைமேல். கிளம்பிய சாரை வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவள் அழவில்லை. “நான் கலக்கலடி” என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள். யாரோ அவளுக்குச் சொன்ன சேதியை எனக்குச் சொல்வது போல் இருந்தது அவள் குரல்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அத்தான் வந்தார். மேசைமேல் பழத்தைப் பார்த்துவிட்டு, யார் வந்தது என்று கேட்டார். கணக்கு சார் என்றாள் அக்கா. அத்தான் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். கழற்றி மறுபடி கட்டிக்கொண்டார்.

“பொட்டலத்தையெல்லாம் ஒண்ணாக் கொட்டினாங்களாமே” என்றாள் அக்கா.

“அது... மழை. கேப்டன்தான் திடுதிப்புனு...”

“அவர் கொட்டினதக் கேக்கல. நீங்க பையைப் பிடிச்சீங்களா?”

அத்தான் மேசையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உருட்டினார். நான் விடவில்லை. “கேக்கறாங்கல்ல அத்தான், சொல்லுங்க” என்றேன்.

“பிடிச்சேன். இப்ப என்ன அதுக்கு? அன்னைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சார் வீட்டம்மா கேப்டன சும்மா விட்டிருப்பாங்களா? போலீஸ், கேஸுன்னு போயிருக்கும். கூட்டமே கலைஞ்சிருக்கும். உன்ன யாரு என்ன பண்ணப் போறாங்க? நீ வீட்டுல இருக்கறவ.”

“நான் வீட்டுல இருக்கறவ இல்ல. மாத்திரைக் கம்பெனிக்குப் போறவ.”

பதில் இல்லாதபோது ஆண்கள் குரலை உயர்த்துவார்கள், அத்தானும் உயர்த்தினார். “சரி, இப்ப என்ன பண்ணணும்கிற? எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, என் பொண்டாட்டி மேல தப்பில்லன்னு சொல்லணுமா? சொல்றேன். நாளைக்கே சொல்றேன், போதுமா?”

“வேணாம்” என்றாள் அக்கா. அவள் குரல் உயரவே இல்லை. “ஊருக்கெல்லாம் நீங்க என் தப்புன்னே சொல்லியிருக்கலாம். உங்களுக்காக அந்தப் பழிய நான் சுமந்திருப்பேன், பெரிய விஷயமே இல்ல. வீட்டுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டு, என்கிட்ட மட்டும் நடந்ததச் சொல்லியிருந்தாப் போதும்.”